ஸ்விட்ச் போட்டால் தெளியும் கண்ணாடி: கரண்ட் பில் எகிறுமா?

அண்ணா நகரில் திறக்கப்போகும் கிளினிக்கின் ஆலோசனை அறைக்கு இந்தக் கண்ணாடி போடலாமா, மாதச் செலவு கையைக் கடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கரண்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். உள்ளே இருக்கும் திரவப் படிகப் படலம் தெளிவாக இருக்கும்போதுதான் மின்சாரம் எடுக்கும். அணைத்தால் பால்போல் வெளுத்துவிடும். சதுர மீட்டருக்குச் சுமார் 5 வாட். 10 சதுர மீட்டர், தினம் 10 மணி நேரம் என்றால் அரை யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 150 ரூபாய். கரண்ட் போனால் தானாகவே மறைத்துவிடும், கிளினிக்குக்கு அது நல்லதுதான்.

செலவு வைப்பது பராமரிப்பு. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ஓரங்கள் வழியாக ஈரம் புகுந்தால் அந்த இடம் மங்கத் தொடங்கும். ஓரம் அடைக்க வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை விடவே விடாதீர்கள், அதன் அமிலம் படலத்தைக் கெடுக்கும். நியூட்ரல் வகை கேளுங்கள். அம்மோனியா கலந்த கிளீனரும் வேண்டாம், ஈரத்துணி போதும். இந்தக் கண்ணாடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மரை ஃபால்ஸ் சீலிங்குக்குள் போட்டு மூடிவிட்டால், அது பழுதாகும் நாளில் சீலிங்கை உடைக்கவேண்டி வரும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஏற்கெனவே இருக்கும் கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் மலிவு. கெட்டால் உரித்து மாற்றலாம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து வருவது அதிகம் உழைக்கும், ஆனால் கெட்டால் முழுப் பலகையும் போச்சு. சொந்த இடமென்றால் இரண்டாவது, வாடகை என்றால் ஃபிலிம் என்பது என் கணக்கு.

அப்புறம், ஏசி பில் பெரிதாகக் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இது ஒளியைச் சிதறடிக்கும், வெயிலை அவ்வளவாகத் தடுக்காது.