பால் கவரும் பிஸ்கட் கவரும் ஒன்றாக உருகுமா?

பால் கவர், பிஸ்கட் கவர், மசாலா பாக்கெட் எல்லாவற்றையும் சேர்த்து உருக்கிப் பலகை போட்டேன். பார்க்க நன்றாக இருக்கிறது, கீழே விழுந்தால் ஒடிகிறது. சூடு போதவில்லையா? (சிறுதொழில் செய்பவர், கோவை)

சூட்டை மட்டும் கூட்டினால் வேறு தொல்லை வரும். பால் கவரின் பாலிஎதிலீன் 110–120 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். பிஸ்கட் கவரின் பாலிபுரொப்பிலீனுக்கு 160க்கு மேல் வேண்டும். மசாலா பாக்கெட்டில் பெட் (PET, தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) அடுக்கு இருந்தால் அது ஏறக்குறைய 250 வரை இளகாது. மிஷினை 200இல் ஓட்டினால் பெட் துணுக்குகள் உருகாமல் நின்று, விரிசல் அங்கிருந்தே தொடங்கும். 260க்கு ஏற்றினால் மற்ற இரண்டும் சிதையத் தொடங்கும். நடுவில் ஒரு பிவிசி துண்டு மாட்டினாலோ ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயு கிளம்பி உங்கள் மூச்சையும் கெடுக்கும், மிஷினையும் அரிக்கும்.

எல்லாம் உருகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் கலக்காது. இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும்தான், கிட்டத்தட்ட பங்காளிகள். ஆனாலும் ரசத்தில் மிதக்கும் எண்ணெய்போல ஒன்றுக்குள் ஒன்று சொட்டுச் சொட்டாகப் பிரிந்தே நிற்கும். ஆறிய பிறகு அந்தச் சொட்டுகளின் ஓரத்தில் பிடிப்பு இருக்காது. உங்கள் பலகை ஒடிவது அங்கேதான்.

பணத்தை முதலில் பிரிப்பதில் போடுங்கள். நறுக்கிக் கழுவிய துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் பாலிஎதிலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். பெட்டும் பிவிசியும் மூழ்கும். சோப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டால் காற்றுக் குமிழி ஒட்டி ஏமாற்றாது. வேறுவேறு பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக ஒட்டிய கவர்கள் மட்டும் இந்தச் சோதனைக்கும் டிமிக்கி கொடுக்கும். அவற்றைக் கையால் பொறுக்கித்தான் ஆகவேண்டும்.

பிரிந்து நிற்கும் சொட்டுகளின் ஓரத்தை ஒட்டவைக்க முடியாதா? (பொறியியல் மாணவி, திருச்சி)

முடியும். ஒரு பகுதி பாலிஎதிலீன், அடுத்த பகுதி பாலிபுரொப்பிலீன் என மாறி மாறி வரும் நீண்ட சங்கிலி மூலக்கூறைச் சேர்க்க வேண்டும். அது இரு பக்கமும் ஊடுருவி எல்லையைத் தைத்துவிடும். 2017இல் அமெரிக்காவின் கார்னெல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் இப்படி நான்கு பகுதிகள் கொண்ட மூலக்கூறை 1 சதவீதம் அளவுக்குச் சேர்த்தே உடையும் கலவையை இழுபடும் பொருளாக்கிக் காட்டினார்கள். நைலான் அடுக்குள்ள கவர்களுக்கு மேலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை ஏற்றிய பாலிஎதிலீன் உதவும். அது நைலான் சங்கிலியின் முனையோடு வினைபுரிந்து பிணைகிறது.

ஆனால் இவை நீங்கள் உருக்கும் பிளாஸ்டிக் குருணையைவிட (சிறு மணிகளைவிட) விலை கூடியவை. குப்பை எந்த விகிதத்தில் வருகிறது என்பதே தினமும் மாறும்போது எவ்வளவு சேர்ப்பது என்று கணக்குப் போடுவதும் சிரமம். ஆய்வகத்தில் சுத்தமான பிளாஸ்டிக்கில் கிடைத்த வலிமை, மசாலா வாடை போகாத கவரில் அப்படியே கிடைத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

பிளாஸ்டிக் ரோட்டில் மட்டும் கலவை எப்படித் தாங்குகிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்)

அங்கே பாரத்தைத் தாங்குவது ஜல்லி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கிய முறையில், சுமார் 160–170 டிகிரிக்குச் சூடேற்றிய ஜல்லிமேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுவார்கள். அது மெல்லிய படலமாக ஜல்லியில் படிந்தபின் தார் சேரும். கல்லுக்குள் நீர் இறங்குவது குறையும், தாரும் நன்றாகப் பிடிக்கும். படலம் அவ்வளவு மெல்லியது என்பதால் பலகையை ஒடிக்கும் பலவீனம் இங்கே பெரிய சேதம் செய்வதில்லை. அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதிலும் பிவிசி கூடாது.

கலவைப் பலகையை வீட்டுக் கூரைக்கு உத்தரமாகப் போடலாமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

வேண்டாம். தொடர்ந்து பாரம் இருந்தால் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும், வெயில் சூட்டில் இன்னும் வேகமாக. தரைக்கல், பூங்கா பெஞ்சு, வேலிக் கம்பம் என்று கனமாக வார்க்கும் பொருட்களுக்குச் சரி.

சிப்ஸ் பாக்கெட்டைக் காயலான் கடைக்காரர் வாங்க மறுக்கிறார், பால் கவரை மட்டும் எடுக்கிறார். ஏன்? (குடும்பத்தலைவி, சேலம்)

பால் கவர் முழுக்கப் பாலிஎதிலீன் குடும்பம். கழுவிக் கொடுத்தால் நல்ல குருணையாகும். சிப்ஸ் பாக்கெட்டில் அலுமினியப் பூச்சு, மை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் உண்டு. எடையும் இல்லை, ஒரு கிலோ தேற்ற ஒரு மூட்டை வேண்டும். அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. அதைப் பால் கவரோடு சேர்க்காமல் தனியாகக் கட்டி, உலர்கழிவு எடுக்க வருபவரிடம் கொடுங்கள்.