கில்ட்: வாடகைக்கு எடுங்கள்

கிளாஸ்கோவில் நண்பர் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டும், கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புவைத்த பாவாடை) வாங்கவா வாடகைக்கு எடுக்கவா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு கல்யாணத்துக்கென்றால் வாடகைதான். நல்ல கம்பளியில் 8 கெஜக் கில்ட் தைக்கக் கொடுத்தால் அதற்கு மட்டுமே சில நூறு பவுண்டு ஆகிவிடும், கைக்கு வரப் பல வாரமும் ஆகும். வாடகையில் கோட்டு, இடுப்பில் முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, நீள சாக்ஸ், ஷூ எல்லாம் சேர்ந்தே வரும். முதலில் மாப்பிள்ளையிடம் கேளுங்கள். தோழர்கள் எல்லோருக்கும் ஒரே டார்ட்டன் (குலத்துக்குக் குலம் மாறும் கட்டம்போட்ட துணி) சொல்லி வைத்திருக்கலாம். இல்லையென்றால் பிளாக் வாட்ச் என்ற டார்ட்டனை எடுங்கள், அதற்குக் குலம் கோத்திரம் வேண்டாம்.

நான் சறுக்கியது அளவில். ஜீன்ஸ் அளவைச் சொல்லிவிட்டேன். கில்ட் நிற்பதோ தொப்புள் மட்டத்தில், நம் ஆட்கள் வேட்டி கட்டுகிற இடத்தில்! பக்கிள் எட்டவில்லை, சாப்பாடு முடியும்வரை வயிற்றை எக்கிக்கொண்டே இருந்தேன். டேப்பை அங்கே வைத்து அளந்து சொல்லுங்கள். கீழ்விளிம்பு முட்டி நடுவில் வர வேண்டும். மடிப்பு பின்பக்கம், உட்காரும்போது கையால் நீவிவிட்டு உட்காருங்கள். கில்ட் பின்னை, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு துணியில் மேல்துணியில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழியும்.

ஷூவுக்கு நாக்கு இருக்காது. நீளக் கயிற்றை முறுக்கிக் கணுக்காலுக்கு மேல் சுற்றிக் கட்ட வேண்டும், முந்தின நாளே கட்டிப் பாருங்கள். சாக்ஸில் செருகும் குட்டிக் கத்தியை விமானத்தில் கைப்பையில் வைத்துவிடாதீர்கள்.