இஸ்திரிப் பெட்டியும் விமானத் துணியும்

கேள்வி: ஐயா, கிட் வாங்கி வீட்டுக் கார் கொட்டகையில் இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம் கட்டுகிறேன். சட்டகம் முடிந்தது, அடுத்து அதன்மேல் போர்த்தும் துணி. நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் அது தாங்குமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: தாங்கும் தம்பி, அவசரப்படாமல் செய்தால். இது அந்தக் காலத்துப் பருத்தி இல்லை, பாலியஸ்டர். சட்டகத்தில் பசையால் ஒட்டி இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றினால் சுருங்கி, தட்டினால் மத்தளம் மாதிரி ஒலிக்கும் அளவுக்கு விறைத்துக்கொள்ளும். பொதுவாக முதலில் சுமார் 120 டிகிரி செல்சியஸ், கடைசிச் சுற்றுக்கு 175. அதைத் தாண்டினால் துணி தளர்ந்துவிடும், அப்புறம் எத்தனை முறை தேய்த்தாலும் இறுகாது. அதனால் பெட்டியின் திருகில் போட்டிருக்கும் அளவை நம்பாதீர்கள், தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

வெயிலில் புற ஊதாக் கதிர்தான் பாலியஸ்டருக்கு எமன். அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு அதைத் தடுக்கும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மழைக்கால ஈரத்தில் பூசினால் பூச்சு வெளுத்துப்போகும். காற்று காய்ந்த நாளாகப் பார்த்துப் பூசுங்கள்.

இன்னொன்று, துணி மூடிய பிறகு உள்ளே பற்றவைத்த இணைப்புகளும் கேபிளும் கண்ணில் படாது. மூடுவதற்கு முன்பே மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பரிசோதனை பற்றிக் கேட்டுவிடுங்கள்.