பில் இருக்கிறதா?

கேள்வி: தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது திருப்பத்தூரில் கிரைண்டர் வாங்கி, பெங்களூருக்கு பஸ்ஸில் சுமந்து வந்தேன். மூன்றாவது தடவை அரைக்கும்போதே மாவில் கறுப்பாக மசி. கேட்டால், பில்லின் அடியில் இருக்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' வரியைக் காட்டுகிறார் கடைக்காரர். (ஸ்ரீராமபுரம் வாசகி)

பதில்: அந்த வரியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிட்டால் சட்டமாகிவிடுமா? கலர் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று போய் நின்றால் அவர் மறுக்கலாம், சரி. பழுதான பொருளுக்கு அந்தப் பேச்சே கிடையாது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் கொண்டுபோனதைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கடை திருப்பத்தூரில் இருந்தாலும் வழக்கை நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மசி கலந்த மாவை போட்டோ எடுத்தீர்களா? இல்லையென்றால் இன்னொரு ஆழாக்கு உளுந்து வீணானாலும் பரவாயில்லை, அரைத்து எடுத்து வையுங்கள்.

கேள்வி: தேன் உறைந்துவிட்டது. கலப்படமா?

பதில்: இல்லை. நல்ல தேனும் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள்.

கேள்வி: ஓசூர் மூலிகைக் கடையில் அம்மா 1,800 ரூபாய் கொடுத்து சுகருக்குப் பொடி வாங்கி வந்திருக்கிறார். 48 நாளில் குணமாம், மாத்திரையை நிறுத்தலாமாம். டப்பாவில் பொடியின் பெயரைத் தவிர ஒன்றுமில்லை.

பதில்: மாத்திரையை நிறுத்தவே கூடாது. அம்மாவையும் திட்டாதீர்கள், வலிக்கிற இடம் பார்த்துத்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சித்த மருந்தென்றாலும் தயாரித்தவர் முகவரி, உரிம எண் எல்லாம் டப்பாவில் இருக்க வேண்டும். இந்த மாதிரிப் பொடிகளில் அலோபதி மாத்திரையை இடித்துக் கலந்தது பிடிபட்டிருக்கிறது, அதனால் டாக்டரிடம் டப்பாவோடு போங்கள். நான் மட்டும் யோக்கியமா? கோயில் வாசலில் 600 ரூபாய்க்குக் கருங்காலி மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு மெஜஸ்டிக்கில் பஸ் பிடிக்க ஓடினேன், வியர்த்ததும் வெள்ளைச் சட்டைக் காலர் முழுக்கச் சாயம்.

கேள்வி: கிருஷ்ணகிரி சந்தையில் 450 ரூபாய்க்குக் குக்கர் வாங்கினேன். மூடி ஓரமாக ஆவி கசிகிறது. பில் தரவில்லை, ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை. யாரிடம் புகார் செய்வது? (அல்சூர்)

பதில்: பில் இல்லை, முத்திரை இல்லை, விற்றவர் யாரென்றும் தெரியாது. நான் யாரைப் போய்ப் பிடிக்க? ஐஎஸ்ஐ இல்லாமல் குக்கர் விற்கவே கூடாது. அடுத்த தடவை வாங்கும்போது பாருங்கள், முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் என்ற அரசு செயலியில் தட்டிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. இனி இந்தக் குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூடியை நசுக்கிவிட்டு எடைக்குப் போடுங்கள்.