புனித வாரத்துக்கு முன் செவில்லாவில் கடைசி நாட்கள்

வெள்ளிக்கிழமையோட இன்டர்ன்ஷிப் முடியுது, குருத்தோலை ஞாயிறு (ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, புனித வாரம் தொடங்குற நாள்) கழிச்சு திங்கள் மாலை ரயில், அதுக்குள்ள ஸ்பெயின்ல இருக்கிற செவில்லாவைப் பார்த்துட முடியுமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா முடியும். ஆனா முதல்ல சான்றிதழ்ல கையெழுத்து வாங்கிடுங்க. புனித வாரத்துல வர்ற பெரிய வியாழனும் வெள்ளியும் அங்க பொது விடுமுறை. அந்த வாரம் முழுக்கவே லீவு போடுறவங்க உண்டு. கையெழுத்துப் போட வேண்டியவர் கிளம்பிட்டார்னா, ஊருக்கு வந்து மெயில் மேல மெயில் போட்டுக்கிட்டு இருக்கணும்.

பேராலயத்தை ஞாயிறுக்கு முன்னாடியே பார்த்துடுங்க. ஏசு, மாதா சிலைகளைத் தூக்கிக்கிட்டு வர்ற புனித வார ஊர்வலங்கள் அதுக்குள்ள புகுந்துதான் போகும், பார்வை நேரம் சுருங்கிடும். பேராலயத்தோட மணிக்கோபுரமான ஹிரால்டாவுல ஏறப் பயப்படாதீங்க: படிக்கட்டுக்குப் பதிலா 35 சரிவுப் பாதைகள், குதிரையிலயே ஏறலாங்கிற மாதிரி கட்டினது. அல்காசார் அரண்மனைக்கு டிக்கெட் முன்கூட்டியே எடுங்க.

ஞாயிறு ராத்திரி கண்டிப்பா தெருவுல நில்லுங்க. ஊர்வலத்துல வர்றவங்க மெழுகுவர்த்தியைச் சாய்க்க, சின்னப் பசங்க சொட்டுற மெழுகைப் பிடிச்சு உருண்டையாச் சேர்ப்பாங்க. வருஷா வருஷம் அதே உருண்டை பெருசாகும்! எனக்குச் சிலைகளைவிட அதுதான் பிடிச்சது. மறுநாள் தரையெல்லாம் மெழுகு, வழுக்கும். நல்ல ரப்பர் அடி ஷூ போடுங்க.

திங்களும் மதியத்துக்கு மேல வழியெல்லாம் அடைபடும். பெட்டியைக் காலையிலயே சாந்தா ஹூஸ்தா ரயில் நிலையத்துப் பக்கம் கொண்டு போயிடுங்க.