வெளியே அனுப்புவதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: தமிழ் மொழிமூலப் பாடசாலை ஒன்றில் தரம் 4 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். ஒரு பையன், எழுதச் சொன்னாலே எழும்பி ஓடுகிறான், பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைக் கிழிக்கிறான், கதிரையைத் தள்ளி விழுத்துகிறான். வெளியே நிற்கவைத்தால் அமைதியாக நிற்கிறான். உள்ளே எடுத்தால் பழையபடிதான். சித்திரத்திலும் விளையாட்டிலும் ஒரு கரைச்சலும் இல்லை. மற்றப் பெற்றோர் அதிபரிடம் முறையிட்டிருக்கிறார்கள். விசேட கல்வி அலகு (விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்பு) உள்ள பாடசாலைக்கு மாற்றினால் என்ன என்று பேச்சு அடிபடுகிறது. தாயோ "வீட்டில் நல்ல பிள்ளை, மிஸ்" என்கிறார். அவனை என் வகுப்பிலேயே வைத்திருக்க விரும்புகிறேன். 38 பிள்ளைகளோடு அது முடியுமா?
– ஓர் ஆசிரியை, கொழும்பு 13

அன்புள்ள ஆசிரியைக்கு,

முடியும். உங்கள் கடிதத்திலேயே அதற்கான தடயம் இருக்கிறது. எழுதச் சொன்னால் குழப்பம், சித்திரத்தில் குழப்பம் இல்லை, வெளியே நிறுத்தினால் அமைதி. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். எழுத்து வேலை அவனுக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது போலத் தெரிகிறது. கதிரையைத் தள்ளினால் எழுதத் தேவையில்லை என்பதையும் அவன் கண்டுபிடித்துவிட்டான். தண்டனை என்று நினைத்து நாம் கொடுப்பது அவனுக்கு விடுதலையாகிவிடுகிறது. நாளைக்கும் அதையே செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் ஒரு பிள்ளைக்குத் தேவையில்லை.

ஆனால் இது இன்னும் ஊகம்தான். உறுதிப்படுத்த 10 பாடசாலை நாட்கள் எடுங்கள். ஒரு சின்னக் கொப்பியில் நேரமும் பாடமும் குறித்து, பக்கத்தில் மூன்று நிரல் போடுங்கள்: சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே பின்னால் என்ன நடந்தது. உதாரணத்துக்கு: "8.50, தமிழ். கரும்பலகையில் இருந்து 8 வரி பார்த்து எழுதச் சொன்னேன். இரண்டாவது வரியில் பென்சிலை உடைத்தான், பக்கத்துக் கொப்பியை இழுத்தான். வெளியே அனுப்பினேன், 15 நிமிடம்." ஒரு நாளைக்கு ஐந்து குறிப்புக்கு மேல் வேண்டாம். கண் கண்டதை மட்டும் எழுதுங்கள். "திமிர் பிடித்தான்", "வேண்டுமென்றே செய்தான்" என்று எழுதத் தொடங்கினால் அந்தக் கொப்பியால் பயன் இல்லை, ஏனென்றால் அது உங்கள் களைப்பைத்தான் பதிவு செய்யும். குழப்பம் இல்லாமல் போன பாடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை எழுத்து, வாசிப்பு நேரத்தில் விழுந்தால் வேலைதான் காரணம். இடைவேளை முடிந்து வந்த முதல் 10 நிமிடத்தில் விழுந்தால், சத்தத்தில் இருந்து அமைதிக்கு மாறுவதுதான் அவனுக்குக் கஷ்டம். இடைவேளைக்கு முந்திய பாடத்தில் மட்டும் என்றால், காலையில் என்ன சாப்பிட்டு வருகிறான் என்று கேளுங்கள். எல்லா நேரத்திலும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்றால் அது வேறு விடயம், வைத்தியர் பார்க்கவேண்டியது.

இந்தப் பத்து நாளுக்குள் கண்ணையும் காதையும் பார்த்துவிட வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை வழமையாக நடக்கும் வகுப்புகளில் தரம் 4 உம் ஒன்று. உங்கள் பாடசாலையில் முடிந்துவிட்டதா, அன்று இவன் வந்திருந்தானா என்று பாருங்கள். இப்படியான பிள்ளைகள் அன்றைக்கென்று வராமல் விடுவது புதிதல்ல. அடிக்கடி தடிமன் பிடிக்கிற பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கிச் செவிப்புலன் மந்தமாகலாம். பக்கத்தில் நின்று சொன்னால் கேட்கும், வகுப்புச் சத்தத்தில் கேட்காது, பார்க்கிறவருக்கு அது சொல்வழி கேளாமை மாதிரியே தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: இடையிடையே சில விநாடி வெறித்துப் பார்த்தபடி உறைந்து, கூப்பிட்டாலும் திரும்பாமல் இருந்து, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரித் தொடர்கிறானா? பகற்கனவு என்று விட்டுவிட வேண்டாம். வலிப்பின் ஒரு வகை அப்படி வரும். குறிப்பெடுத்து வைத்தியரிடம் அனுப்புங்கள்.

இனி வாசிப்பு. இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஒரு நாள் அவனைத் தனியாக இருத்தி, தரம் 2 புத்தகத்தில் அவன் மனப்பாடம் செய்திராத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், கேட்டபடி குறியுங்கள். துணைக்காலை 'ர' என்று எடுக்கிறானா? ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறுகிறதா? ன, ண, ள மூன்றும் குழம்புகிறதா? முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதிச் சொல்லை ஊகிக்கிறானா? பிறகு "கொடி" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். காது முதலில் கேட்பது க், கை முதலில் எழுதவேண்டியது கொம்பு. பிறகு 'க', பிறகு துணைக்கால். தமிழில் வாசிக்கக் கஷ்டப்படுகிற பிள்ளை கால் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான். அடுத்து அதே தரத்தில் வேறொரு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லி, தானே வாசித்ததற்குச் சொல்ல முடியாவிட்டால், விளங்கிக்கொள்வதில் குறை இல்லை. எழுத்தில்தான் தடை.

அந்தத் தடைக்கு வகுப்போடு சேர்த்துப் பொதுவாகப் படிப்பிப்பது போதாது. ஒரு தடவைக்கு 10 நிமிடம், கிழமையில் நான்கு நாள், தனியாக. ஒரு கிழமைக்கு ஓர் உயிர்க்குறி மட்டும். முதலில் குறியே இல்லாத சொற்கள்: படம், மரம், பழம். பிறகு துணைக்கால், பிறகு இகர, ஈகார விசிறி. கொம்புகளைக் கடைசிக்கு வையுங்கள். மட்டையில் க, ம போன்ற எழுத்தைக் கறுப்பிலும் குறியைச் சிவப்பிலும் எழுதி வெட்டி, அவன் கையால் நகர்த்திச் சேர்க்கவிடுங்கள். ஒரு நாளைக்குப் புதிய சொல் ஐந்து, பழைய சொல் பத்து. இதில் வழக்கமாக நடக்கும் தவறு அவசரம்: இரண்டு நாள் சரியாக வாசித்தான் என்று அடுத்த குறிக்குப் போவோம், மூன்றாம் கிழமை எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும்.

வகுப்பு வேலையைக் குறைப்பதில் தயங்காதீர்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது இவனுக்குச் செய்யக்கூடிய மிகக் கொடிய வேலை. நிமிர்ந்து ஒரு சொல்லைப் பிடித்து, குனிவதற்குள் மறந்து, திரும்ப நிமிர்ந்து இடத்தைத் தேடுவான். அதே பகுதியைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடைவெளி விட்டு, அரைத் தாளில் மேசையில் வையுங்கள். எட்டு வரிக்குப் பதில் மூன்று. மீதியை வாயால் சொல்லட்டும். சுற்றாடல் பாடத்தில் நீங்கள் பார்ப்பது அவனுக்குச் சுற்றாடல் தெரியுமா என்பதைத்தான், கையெழுத்தை அல்ல. "மற்றப் பிள்ளைகள் கேட்பார்களே" என்பீர்கள். கேட்பார்கள். "அவனுக்கு இது உதவும், உனக்கு எது உதவும்?" என்று திருப்பிக் கேளுங்கள். 38 பேரில் அரைத் தாள் உதவக்கூடிய இன்னும் நாலைந்து பேர் நிச்சயம் இருப்பார்கள், அவர்களுக்கும் கொடுங்கள்.

இப்போது அந்த விடுதலை. அவனுக்கு மூன்று சின்ன அட்டை செய்து காலையில் கையில் கொடுங்கள். தாங்க முடியாதபோது ஓர் அட்டையை உங்கள் மேசையில் வைத்தால், வகுப்புக்குள்ளேயே குறித்த இடத்தில், ஒரு பாயிலோ புத்தக அலுமாரி ஓரத்திலோ, 3 நிமிடம் இருக்கலாம். மணற்கடிகாரம் ஒன்று வைத்தால் நேரத்தைப் பற்றிச் சண்டை வராது. நேரம் முடிந்ததும் விட்ட வரியில் இருந்து வேலை தொடரும். வேலை மறைந்துபோகக் கூடாது, இது முக்கியம். அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் இதை இரண்டு மூன்று தரம் நடித்துப் பழக்குங்கள், குழம்பி நிற்கும்போது புதிதாக எதையும் கற்பிக்க முடியாது. முதல் இரண்டு கிழமை அவன் அட்டை வைத்தால் ஒரு தரம்கூட மறுக்காதீர்கள். "இப்பதானே போய் வந்தாய்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டால், அட்டை சில வேளை வேலை செய்யும், கதிரை எப்போதும் வேலை செய்யும் என்பதுதான் அவன் எடுக்கும் பாடம்.

முதல் கிழமை நிலைமை மோசமாகும். இதை அதிபருக்கும் தாய்க்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இதுவரை பலித்த வழி திடீரென்று பலிக்காவிட்டால் பிள்ளை அதையே இன்னும் பலமாகச் செய்து பார்ப்பான். பெரும்பாலான வகுப்புகளில் "இது சரிவராது" என்று கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அப்போது கைவிட்டால், இன்னும் பலமாகத் தள்ளினால்தான் வெளியே விடுவார்கள் என்று ஆகிவிடும், அது தொடங்கிய இடத்தைவிடக் கேடு.

அவன் கொதித்து நிற்கும் வேளையில் பேச்சைக் குறையுங்கள். குரலைத் தாழ்த்துங்கள், பக்கவாட்டில் நில்லுங்கள், பக்கத்துப் பிள்ளைகளை அகற்றுங்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். "ஏன் செய்தாய்?" என்று அப்போது கேட்க வேண்டாம், அவனிடம் பதில் இல்லை. உடம்பு ஆற அரை மணித்தியாலம்கூட எடுக்கும். கதைப்பது அதற்குப் பிறகு, விழுத்திய கதிரையை உங்களோடு சேர்ந்து நிமிர்த்தியபடி. அடிப்பது பற்றி யாராவது யோசனை சொன்னால், உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் 2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடைசெய்கிறது என்பதை நினைவூட்டுங்கள்.

இருக்கை பற்றி ஒரு வார்த்தை. அரைச்சுவர் வகுப்பு என்றால் பக்கத்து வகுப்புச் சத்தம் முழுக்க உள்ளே வரும். அந்தப் பக்கத்தையும் வாசல் பக்கத்தையும் தவிர்த்து, இரண்டாம் வரிசையில், நீங்கள் இரண்டு அடி எடுத்துவைத்தால் தொடக்கூடிய தூரத்தில் இருத்துங்கள். மூலையில் தனி மேசை வேண்டாம். எழும்பி நடப்பதற்கு நீங்களே வேலை கொடுங்கள்: 20 நிமிடத்துக்கு ஒரு முறை கொப்பி சேர்ப்பது, பலகை துடைப்பது. பாராட்டைச் சுடச்சுடச் சொல்லுங்கள், என்னத்துக்கு என்பதையும் சேர்த்து. "நல்ல பிள்ளை" என்பதைவிட "மூன்று வரியும் எழும்பாமல் எழுதிவிட்டாய்" என்பது அவனுக்கு விளங்கும். நன்றாக நடந்ததற்குப் புள்ளி போடும் அட்டை வைப்பதானால் ஒரு பாடசாலை நாளை நான்கு பகுதியாகப் பிரியுங்கள். 8 மணிக்கே முழு நாளையும் இழந்துவிட்ட பிள்ளைக்கு 1.30 வரைக்கும் திருந்தக் காரணம் இல்லை. ஒரு தரம் கொடுத்த புள்ளியைத் திரும்பப் பறிக்காதீர்கள்.

தாயிடம் பேசுவது நுட்பமான விடயம். "வீட்டில் நல்ல பிள்ளை" என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. வீட்டில் யாரும் எட்டு வரி எழுதச் சொல்வதில்லையே. பாடசாலையில் இருந்து அழைப்பு வந்தாலே நெஞ்சு பதைக்கிற நிலையில் இருப்பார். முதலில் இரண்டு நல்ல செய்தி அனுப்புங்கள், பிறகு வரச்சொல்லுங்கள். நோயின் பெயர் எதையும் நீங்கள் சொல்ல வேண்டாம். அதிதுடிப்பா, வாசிப்புக் கோளாறா, ஓட்டிசமா என்று சொல்வது வைத்தியரின் வேலை. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள், கொப்பியைக் காட்டுங்கள். தனியே பார்த்து எழுதிய ஒரு பக்கத்தையும், வாய்மொழியாகச் சொன்ன பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஆயிரம் சொல் மிச்சம்.

பரிசோதனைக்குப் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையோ, ராகமையில் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென்று உள்ள அயதி நிலையமோ போகலாம். குடும்ப வைத்தியரின் கடிதம், உங்கள் குறிப்புக் கொப்பியின் பிரதி, எழுத்து மாதிரி இரண்டு பக்கம் – மூன்றும் கையில் இருக்கட்டும். மொழி விடயத்தில் தாய் விட்டுக்கொடுக்கக் கூடாது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சோதித்தால் வருகிற பெறுபேறு பிள்ளையைப் பற்றியதல்ல. தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் எந்த நாளில் இருப்பார் என்று முதலே கேட்டு, காத்திருக்க நேர்ந்தாலும் அந்த நாளையே எடுக்கட்டும். ஆனால் மேலே சொன்ன எதற்கும் அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரைத் தாளுக்கு வைத்தியச் சான்றிதழ் வேண்டாம்.

மாற்றும் பேச்சுக்கு வருவோம். விசேட கல்வி அலகு சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பொருந்தும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் முயன்று பார்க்காமலே அங்கே அனுப்புவது வெளியே நிறுத்துவதன் பெரிய வடிவம்தான். அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் பொது வகுப்பிலேயே சேர்த்துப் படிப்பிக்கும் உட்படுத்தல் கல்வியை உரிமையாக ஏற்கும், அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதிபரிடம் சட்டத்தோடு போவதைவிட ஒரு பக்கத் திட்டத்தோடு போவது நல்லது. எட்டுக் கிழமை, மூன்று இலக்கு, யார் எப்போது செய்வது. "ஒழுங்காக இருப்பான்" என்பது இலக்கல்ல. "தமிழ்ப் பாடத்தில் 5 நாளில் 4 நாள், கதிரையைத் தள்ளாமல் அட்டையைப் பயன்படுத்துவான்" என்பது இலக்கு, அதை எண்ணலாம். அந்த 10 நிமிட வாசிப்புக்கு உங்களை விடுவிக்க ஒருவரை அதிபரிடம் கேளுங்கள், அதுதான் அவரால் தரக்கூடிய மிகப் பெரிய உதவி. வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரை எட்டாம் கிழமை வகுப்புக்கு வரவழைத்து, பழைய கொப்பியையும் புதிய கொப்பியையும் முன்னால் வைத்துப் பேசுங்கள்.

அடுத்த வருடப் புலமைப்பரிசில் பற்றியும் தாய் கேட்பார். அது கட்டாயப் பரீட்சை அல்ல. எழுத விரும்பினால், விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களத்திடம் அதிபர் ஊடாகக் கேட்க வேண்டும், அதற்கு வைத்திய அறிக்கை தேவை. ஆகவே கிளினிக் திகதியை இந்தத் தவணைக்குள்ளேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.