ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியும் ஃப்ளைட்ராப் கருகுகிறதா?

கேள்வி: சென்னை வேளச்சேரியில் இருக்கிறேன். ஆன்லைனில் வாங்கிய வீனஸ் ஃப்ளைட்ராப் பூச்சியுண்ணும் செடியைச் சில மாதங்களாக வளர்க்கிறேன். போர் தண்ணீர் ஆகாது என்றதால் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 85 காட்டுகிறது. அப்படியும் இலைகள் கருகுகின்றன. கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். கொஞ்சம் சுண்ணாம்பு பாத்திரத்தில் படியும், அவ்வளவுதான். மற்ற உப்பெல்லாம் தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும்.

முதலில் எந்த இலை கருகுகிறது என்று பாருங்கள். பூச்சியைப் பிடிக்கும் பழைய இலைப் பொறி சில தடவை மூடித் திறந்தபின் கருகி விழுவது இயல்பு. நடுவிலிருந்து வரும் புதுத் தளிர் சிறுத்து, ஓரம் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதாவது படிந்திருந்தால் தண்ணீரைச் சந்தேகப்படலாம்.

இதன் பூர்வீகம் அமெரிக்காவின் வட, தென் கரோலினாவில் உள்ள சதுப்பு நிலங்கள். புளிப்பான, சத்தற்ற மண். பூச்சி பிடித்துத் தின்பதே அதனால்தான். அந்த வேருக்கு உப்பு தாங்காது. டி.டி.எஸ். 50-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 100 வரை சமாளிக்கலாம், ஆனால் மண்ணை அடிக்கடி அலச வேண்டும்.

85 உடனே கொல்லாது. ஆனால் செடியும் வெயிலும் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் தண்ணீரைத்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். கோடையில் தட்டில் தினம் 200 மில்லி ஊற்றினால் மாதம் 6 லிட்டர். லிட்டருக்கு 85 மில்லிகிராம் என்றால் அரை கிராம் உப்பு! அந்தச் சின்னத் தொட்டிக்கு இது அதிகம். அதனால் மாதம் ஒருமுறை மேலிருந்து மழைநீரையோ டிஸ்டில்டு வாட்டரையோ தாராளமாக ஊற்றி, அடியில் வடிவதைக் கொட்டிவிடுங்கள்.

ஆர்.ஓ.வில் 85 வருவதற்குப் பல வீடுகளில் காரணம் டி.டி.எஸ். கன்ட்ரோலர். குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்துவிடும் சின்னத் திருகு அது. சில மெஷின்களில் தாது உப்பு சேர்க்கும் மினரல் கேட்ரிட்ஜும் இருக்கும். சர்வீஸ் ஆளிடம் சொல்லி, உப்பை வடிகட்டும் சவ்வான மெம்பரேனிலிருந்து வரும் குழாயில், கலப்பதற்கு முன்னாலேயே ஒரு டி (T) வடிவ இணைப்பு போட்டுத் தனியாகப் பிடியுங்கள். மெம்பரேன் நன்றாக இருந்தால் அளவு நன்றாகக் குறையும். மெஷின் கழிவாக வெளியேற்றும் ரிஜெக்ட் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். கேன் தண்ணீரையும் அளக்காமல் நம்ப வேண்டாம்.

மழைநீருக்கு ஈடு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் நேரே வானத்திலிருந்து வாளியில் பிடித்து, டிரம்மில் கொசு புகாமல் மூடி வையுங்கள். சிமென்ட் மொட்டைமாடியில் ஓடிவரும் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். ஏ.சி. தண்ணீரும் பொதுவாக நல்லதே. ஏ.சி.க்குள் இருக்கும் குளிர்விக்கும் காயிலை (coil) கெமிக்கல் போட்டுக் கழுவியிருந்தால் மட்டும் சில நாள் விடுங்கள். பெட்ரோல் பங்கில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், பேட்டரி ஆசிட்டும் அங்கேயே இருக்கும்.

அப்புறம், மண் தொட்டி, உரம், அலசாத தேங்காய் நார்த்தூள் மூன்றுமே உப்பைக் கொண்டுவரும். பிளாஸ்டிக் தொட்டியில் பீட் மாஸும் (சதுப்பு நிலப் பாசி மட்கு) பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக் கல் துகள்) போதும். தட்டில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் சரி. பிற்பாடு குடுவைச் செடி நெப்பந்தஸ் வாங்கினால் அதற்கு இந்தத் தட்டு கூடாது, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.